வெட்டிப் போட்ட மூச்சு

பட்டிபுலம் தாண்டிக் கிழக்கே இறங்கும் மண் சாலையில் சவுண்ட் இன்ஜினியர் நிதின் காரைத் திருப்பியபோது மணி பதினொன்று. சவுக்குத் தோப்புக்கு நடுவே நின்ற அந்தப் பழைய பங்களா பகல் வெளிச்சத்தில் ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. உப்புக் காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், துருப்பிடித்த கேட், பின்னால் கடல். யாரோ ஒரு பணக்காரர் வார விடுமுறைக்கென்று கட்டிவிட்டு, வராமலே விட்ட வீடு. பாட்டுக் கம்பெனி நடத்தும் ராஜேந்திரன் அதை எடுத்து, ஜன்னல்களையெல்லாம் அடைத்து, பாட்டு ரெக்கார்டிங் செய்யும் ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்.

வாசலில் எல்லம்மாள் துடைப்பத்தோடு நின்றாள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போகிறவள்.

“சாவி கதவுலயே கீது சார். நான் உள்ள போறதில்ல.”

“ஏன்?”

“அந்தப் பாடுற ரூமு கண்ணாடி. தொடச்சா மறுபடி ஆவி புடிக்குது. ஏசியும் ஓடல, ஆளும் இல்ல. உள்பக்கமா புடிக்குது சார்.”

“கடல் ஈரம்மா அது.”

“ஆமா, கடலு இன்னிக்குத்தான் வந்துச்சு பாரு” என்று சொல்லிவிட்டு அவள் தோப்புப் பக்கம் நடந்துவிட்டாள்.

நிதினுக்கு அவளோடு வழக்காட நேரமில்லை. மூன்று மணிக்குக் கவியா வருகிறாள். அதற்குள் ஒன்றை முடித்தாக வேண்டும், ஒன்றை அழித்தாக வேண்டும். முடிக்க வேண்டியது மோசஸ் பாடிய கடைசிப் பாட்டு. அழிக்க வேண்டியது, அந்தப் பாட்டைப் பாடிய அன்று மெஷினில் பதிவான மற்ற எல்லாம்.

கானா மோசஸ் என்றால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். செய்யூர்ப் பக்கத்துக் காலனிப் பையன். பன்னிரண்டு வயதில் சாவு வீட்டில் பாட உட்கார்ந்தவன். பிணத்தின் தலைமாட்டில், மைக் இல்லாமல், விடிய விடிய. யாரோ செல்போனில் பிடித்துப் போட்ட ஒரே ஒரு பாட்டு அவனை உச்சாணிக் கொம்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. மறு வருஷம் சினிமா. அதற்கடுத்து ஓ.எம்.ஆரில் அவன் பாடாத காலேஜ் விழா கிடையாது. ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். இறங்க ஏணி வைத்தவர் ஒருவரும் இல்லை. ஒரே நாளில் மூன்று ஊரில் மேடை. கண் சொக்காமலிருக்க ஒரு மாத்திரை, உடம்பு வலிக்கு இன்னொன்று, பிறகு மாத்திரைக்காகவே மாத்திரை. கடைசியில் மேடையிலேயே சுருண்டு விழுந்தான். அதையும் செல்போனில் பிடித்துப் போட்டார்கள். அது பாட்டை விட அதிகம் ஓடியது.

ஐந்து மாதம் செங்கல்பட்டில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கிடந்து, கன்னம் உப்பி, வேளாவேளைக்குச் சோறு தின்கிற மனிதனாக அவன் வெளியே வந்தான். வந்த மூன்றாம் வாரம், இதே பங்களாவில், பாடும் அறைக்குள்ளேயே செத்துப்போனான். வயது இருபத்தாறு. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. அப்புறம் என்ன? ‘மறுபடி ஆரம்பிச்சுட்டான்’ என்று ஊரே தீர்ப்பு எழுதியது. அவன் பாட்டுக்கு ஆட்டம் போட்ட அதே காலேஜில் அவன் படத்தை மாட்டி, போதை வேண்டாம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். அவனைப் பெற்ற செங்கம்மாள் மகனின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி, துணிமூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டாள். தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனவன் சத்தியத்தை மீறிவிட்டான் என்பது அவளுக்குச் சாவை விடப் பெரிய அடி.

தங்கச்சி கவியா மட்டும் நம்பவில்லை. நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் அவள். அண்ணன் கடைசியாகப் பேசியது எது இருந்தாலும் கேட்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாக நிதினுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். தானாகப் போட்டுக்கொண்டானா, யாராவது கொடுத்தார்களா? அவள் கேட்பது அது ஒன்றுதான். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ராஜேந்திரன் ஒருவர், நிதின் இன்னொருவன்.

கம்ப்யூட்டரை உயிர்ப்பிப்பதற்குள் ராஜேந்திரனின் போன் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் என்பார்களே, அது அவருக்குத்தான் பொருந்தும். மோசஸ் பெட்டியில் கிடந்தபோது கேமராக்களுக்கு முன்னால் அவர் அழுத அழுகையில், பெற்ற தாய் அழுததை யாரும் படம் பிடிக்கவில்லை.

“இன்னா நிதினு, ஆரம்பிச்சிட்டியா? வெள்ளிக்கிழமை அவன் பொறந்த நாளு. அன்னிக்கு ரிலீஸ் ஆவலன்னா அப்பறம் எவனும் சீண்ட மாட்டான்.”

“இன்னிக்கு முடிச்சிடறேன் சார்.”

“பாட்ட மட்டும் வெச்சிக்க. பேச்சு கீச்சு ஒண்ணு இருக்கக் கூடாது, புரிதா? அந்தப் பொண்ணு வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடுத்து அனுப்பிடு.”

நிதினுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடகன் மைக் முன்னால் நின்றதும் ரெக்கார்டிங்கைப் போட்டால், அவன் வீட்டுக்குக் கிளம்பும்வரை நிறுத்த மாட்டான். பாடும்போது வராத சங்கதி, இடையில் சும்மா முணுமுணுக்கும்போது வந்துவிடும் என்பது அவன் தொழில் அனுபவம். அந்தப் பழக்கத்தால்தான் அவனுக்குப் பெயர். கல்பாக்கத்தில் விஞ்ஞானிகளோடு வேலை பார்த்த அவன் அப்பாகூட, ‘எம் பையன் ஒரு மூச்சைக்கூட விடமாட்டான்’ என்று பெருமையாகச் சொல்வார்.

ஆனால் மூச்சை வெட்டுவதும் அவன் வேலைதான். பாடுகிறவன் காற்றை இழுக்கிற சத்தம் பாட்டில் கேட்கக் கூடாது என்பது ராஜேந்திரன் போட்ட சட்டம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த ‘ஹ்’ சத்தத்தைத் தேடிப்பிடித்து வெட்டி எறிய வேண்டும். மற்றவர்கள் மூச்சு சின்னது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மோசஸின் மூச்சு அறையையே இழுக்கும். ஒருமுறை நிதின் கிண்டல் செய்தபோது அவன் சிரிக்காமல் சொன்னான்: “பொணத்துக்கு மூச்சு கெடையாது அண்ணாத்த. அதுக்கும் சேத்து நாமதான் இழுக்கணும். சாவு வூட்டுப் பாட்டுன்னா அதான்.”

நிதின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். மொத்தம் அறுபத்து மூன்று மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று. வெட்டிய இடத்தில் திரையில் நேர்கோடு. நேர்கோடு என்றால் சத்தமில்லை.

இருபதை வெட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தான்.

மூச்சு கேட்டது.

சரியாக வெட்டவில்லை போலிருக்கிறது என்று மறுபடி பார்த்தான். கோடு நேராகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினான். அதே இடத்தில், அதே நீளத்தில், அறையையே இழுக்கிற அதே மூச்சு. காது அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

ஹ்ஹா.

சத்தம் ஹெட்ஃபோனிலிருந்து வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

பாடும் அறை இருட்டாக இருந்தது. அங்கே மைக் கூடக் கிடையாது. சம்பவத்துக்கு மறுநாளே நிதின்தான் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தான். வெறும் ஸ்டாண்டு மட்டும் நின்றது. ஆனாலும் திரையில் அந்த மைக்குக்கான பச்சைக் கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

ஏறியது.

இறங்கியது.

கிராம்பு வாசனை வந்தது. தொண்டைக்கு நல்லது என்று மோசஸ் எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பான். கண்ணாடியில், ஒரு ஆள் நின்றால் வாய் இருக்கிற உயரத்தில், வட்டமாக ஆவி பிடித்திருந்தது. கோடு இறங்கும்போது வட்டம் பெரிதானது. ஏறும்போது சிறுத்தது.

வேறு யாராக இருந்தாலும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள். நிதினும் எழுந்தான். கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்றே முக்கால். ஆவியை விடக் கவியாவைப் பற்றிய பயம் அவனுக்குப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், மிச்சமிருந்த நாற்பத்து மூன்றையும் வெட்டி முடித்தான்.

அடுத்தது அழிக்கிற வேலை. பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெட்ட முடியாது. வெட்ட வேண்டுமென்றால் கேட்டாக வேண்டும். அன்று பதிவானதை அவன் அதுவரை ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. இப்போது ஓட்டினான். மோசஸின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

“மேல் சுருதி ஏறல அண்ணாத்த. ஒடம்பு இன்னும் செட் ஆவல. நாளிக்கிப் பாத்துக்கலாம்.”

“ராஜேந்திரன் சார் இன்னிக்கே கேக்கறாரு மச்சான்.” இது நிதினின் குரல்.

“முடில்லபா.”

நாற்காலி நகர்ந்தது. காலடி. கதவு. அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கும் சின்னச் சத்தம்.

“இந்தா. ஒண்ணே ஒண்ணு.”

“வாணாம் அண்ணாத்த. அம்மா தலையில கை வெச்சுட்டு வந்துகிறேன்.”

“அம்மாவுக்கு யார் சொல்லப் போறா? ஒரே ஒரு லைன் மச்சான். பாடு, நானே உன்ன வீட்ல கொண்டுபோய் விடறேன்.”

கிராம்பைக் கடித்துத் துப்பும் சத்தம். பிறகு மோசஸ், “தண்ணி குடு” என்றான்.

ஒன்று போதவில்லை. அரை மணி கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு அவன் பாடினான். அப்படி ஒரு குரலை நிதின் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த வரி முடிந்ததும் நிதினின் குரலே, “யோவ், இதான்யா!” என்று குதித்தது. பிறகு காலடி விலகியது, கனத்த கதவு தானே சாத்திக்கொண்டது. மொட்டை மாடிக்குப் போய்ப் போனில் ராஜேந்திரனிடம் பெருமையடிக்க அவன் கிளம்பிய காலடி. போகும்போது தன் பக்கத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போயிருந்தான். ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. அதுதான் பழக்கமாயிற்றே.

மாடியில் அவன் நாற்பது நிமிடம் பேசினான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாத்திரை அட்டையை மோசஸின் பையில் வைக்கச் சொன்னது ராஜேந்திரன். வைத்த கை நிதினுடையது. இது அவனுக்குத் தெரிந்த கதை. அந்த நாற்பது நிமிடம் உள்ளே என்ன நடந்தது என்பது தெரியாது. இப்போதுதான் கேட்கிறான்.

“அண்ணாத்த.”

“அண்ணாத்த, ஒரு மாரி கீது. மூச்சு முட்டுது.”

ஏதோ தரையில் இழுபடும் சத்தம். கைப்பிடி கடகடவென்று ஆடியது. பாடும் அறைக் கதவின் உள்பக்கப் பிடி ஆட்டம் கண்டு, திருகினாலும் திறக்காமல் போய் மூன்று வாரமாகியிருந்தது. வெளியிலிருந்து திறந்தால்தான் உண்டு. ஆசாரியைக் கூப்பிட வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதும் நிதின்தான்.

“கதவ தொற அண்ணாத்த.”

தட்டினான். சத்தம் வெளியே வராத அறையில், தட்டியும் என்ன?

பிறகு மூச்சு மட்டும். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணாமலே சொல்லக்கூடிய காது நிதினுடையது. நான்கு. ஏழு. பதினொன்று. அதற்குப் பிறகு திரையில் நேர்கோடு.

நிதினுக்கு அழுகை வந்தது. அழுதான். நடிப்பில்லை, நெஞ்சு வெடிக்கத்தான் அழுதான். அழுதுகொண்டே முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தான்.

மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கவியா வந்தாள். வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

“சொல்லுண்ணா. எங்கண்ணன் கடசியா இன்னா பேசினான்?”

“ஒண்ணும் பேசலம்மா. பாடினான். நான் மாடிக்குப் போய்ட்டு வந்து பாத்தா…”

“மாத்திரை?”

“அவனே வெச்சிருந்தான். எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்கு ஒரு வாய்ப் பேச்சு போதுமாக இருந்தது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு பாட்டைப் போடச் சொன்னாள். கண்ணை மூடி முழுசாகக் கேட்டாள்.

“இதுல எங்கண்ணன் மூச்சே இல்லியே” என்றாள். “அவன் பாடினா மூச்சுதாண்ணா மொதல்ல வரும். இது அவன் மாரியே இல்ல.”

“ரெக்கார்டிங்ல அப்படித்தாம்மா செய்வாங்க.”

“சரிண்ணா.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அம்மா சொன்னதுதான் நெசம்னு போய்ச் சொல்லிடறேன்.”

அவள் மண் சாலையில் போவதை நிதின் அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்தான். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். கேட் இருபதடி தூரம்தான். அவன் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை பாட்டு வந்தது. இரண்டு நாளில் எல்லார் வாயிலும் அதுதான். மெழுகுவத்தி படம் போட்டார்கள், கண்ணீர் பொம்மை போட்டார்கள். இருந்தபோது தெருப்பொறுக்கி என்றவர்கள், ‘உன்னை இழந்துவிட்டோமே’ என்று எழுதினார்கள். செத்தால்தானே நம் ஆட்களுக்குக் கலைஞன் கண்ணுக்குத் தெரிவான்! ராஜேந்திரன் நிதினுக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், படூரில் அவன் ஃபிளாட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கவியா கூப்பிட்டாள்.

“அண்ணா, அந்தப் பாட்டு எவ்ளோ நேரம் ஓடும்?”

“நாலு நிமிஷம் பத்து செகண்ட்.”

“எங்க வூட்ல இன்னும் ஓடிகினு கீது.”

அவன் தட்டை நகர்த்தி வைத்தான்.

“சர்ச்சுலேர்ந்து வந்ததும் அம்மாதான் போடச் சொல்லுச்சு. பாட்டு முடிஞ்சி போச்சு. அப்பறம் பேச்சு வருது.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னியே அண்ணா, அது வந்துச்சு. அம்மா தலையில கை வெச்சுகிறேன்னு அவன் சொன்னதும் வந்துச்சு.”

நிதின் தன் போனில் இன்னொரு பக்கம் அதே பாட்டைத் திறந்து கடைசிக்கு நகர்த்தினான். நான்கு நிமிடம் பத்து விநாடி. நின்றுவிட்டது.

“நான்தாம்மா குடுத்தேன்” என்றான். அதைச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு விநாடி.

“கேட்டுட்டோம்ணா. அம்மா போட்டோவ எடுத்து மாட்டிடுச்சு. ஆனா இப்ப அம்மா கூப்பிடச் சொன்னது அதுக்காவ இல்ல. இரு, அதுவே பேசுதாம்.”

செங்கம்மாள் தன்னைச் சபிப்பாள் என்று நிதின் காத்திருந்தான். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தான். கிழிந்த குரலில், கெஞ்சுகிற மாதிரி அவள் சொன்னது வேறு.

“தம்பி, அவனுக்கு இன்னும் மூச்சு கீதுப்பா. நின்னு நின்னு வருது. கதவ தட்டினு கீறான். போயி தொறந்து வுடு நைனா, நல்லாருப்ப.”

திட்டியிருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான். போனை வைக்காமலே காரை எடுத்தான். கேளம்பாக்கம், கோவளம், கடற்கரைச் சாலை. வழியெல்லாம் சுற்றுலா பஸ்கள், இளநீர், பட்டம் விடும் பிள்ளைகள். மடியில் கிடந்த போனில் ஒரு தாய் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே, “இருடா, வந்துகினு கீறாங்கோ, இருடா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பங்களாவில் யாரும் இல்லை. உள்ளே போனான். பாடும் அறையின் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது. கிராம்பு நெடி தொண்டையைப் பிடித்தது. அன்றைக்குத் திறக்காத கதவு இது. கையை வைத்தான். இழுத்தான்.

இருட்டு. ஸ்டாண்டு. ஒரு ஸ்டூல். மூலையெல்லாம் பார்த்துவிடலாம் என்று உள்ளே இரண்டடி வைத்தான். யாருமில்லை. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பயத்தினால் அல்ல. நிஜமாகவே யாராவது இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

“யாரும் இல்லம்மா” என்றான் போனில். “சத்தியமா யாரும் இல்ல.”

“தொறந்த சத்தம் வந்துச்சுண்ணா” என்றாள் கவியா. “பாட்டுலயே வந்துச்சு.”

அவன் முதுகுக்குப் பின்னால், கனத்த கதவு தன் எடைக்குத் தானே மெல்லச் சாத்திக்கொண்டது.

“இப்ப மூடுற சத்தம்.”

நிதின் திரும்பி உள்பக்கப் பிடியைப் பிடித்தான். அது கையோடு கழன்று வந்தது. மூச்சு வாங்கியது அவனுக்கு.

தோளால் கதவை முட்டினான்; அது அசையவில்லை. போனில் கவியாவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

“அண்ணா, அம்மா கேக்குது. இப்ப ஏன் ரெண்டு பேரு மூச்சு கேக்குதுன்னு.”